புண்பட்டவன் எழுதிய கடிதம்: பிரைட்டன் மருத்துவமனைக் கடிதங்களை வாசிக்கும் முறை

முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்கள், இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து மருத்துவமனைகளிலிருந்து ஊருக்குக் கடிதங்கள் எழுதினர். இவற்றோடு போர்முனைக் கடிதங்களையும் சேர்த்து, 650க்கும் மேற்பட்டவற்றை வரலாற்றாய்வாளர் டேவிட் ஒமிசி தொகுத்து 1999இல் நூலாக வெளியிட்டார். இவற்றை இந்திய வீரத்துக்குச் சான்றாக ஒரு சாராரும், ஆங்கில ஆட்சி மீதான கசப்புக்குச் சான்றாக மற்றொரு சாராரும் எடுத்துக்காட்டுகின்றனர். இரு சாராருமே கடிதத்தை முழுதாக வாசிக்கவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

பின்னணி

இந்தியப் படை 1914 செப்டம்பர் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. காயம்பட்டோர் பெருகவே, பிரைட்டனின் இராயல் பெவிலியன் என்ற பழைய அரண்மனை அவ்வாண்டு டிசம்பரில் இந்தியர்களுக்கான மருத்துவமனையாக்கப்பட்டது. சாதியும் மதமும் பார்த்துத் தனித்தனிச் சமையலறைகளும் தண்ணீர்க் குழாய்களும் அமைத்தார்கள். ஏழைகள் விடுதி ஒன்று கிச்சனர் மருத்துவமனை ஆயிற்று. 1916 தொடக்கம் வரை ஏறத்தாழ 12,000 இந்தியர் அந்நகரில் சிகிச்சை பெற்றனர்.

மன்னர் தம் அரண்மனையையே சிப்பாய்க்குக் கொடுத்தார் என்ற செய்தி அன்று பரப்பப்பட்டது. ஆனால் அந்தக் கட்டடத்தை நகராட்சி 1850இலேயே விலைக்கு வாங்கிவிட்டது. அரண்மனையில் படுத்திருப்பதாகப் பெருமையோடு எழுதிய சிப்பாய் பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை நம்பி எழுதினார். அதே சிப்பாய் மருத்துவமனை வேலியைத் தாண்டி ஊருக்குள் உலவுவதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன.

கடிதம் கடந்து வந்த கைகள்

சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் எழுதினார். படைப்பிரிவு அதிகாரி அதைப் பார்வையிட்டார். பிறகு அது ஹோவெல் என்ற அதிகாரியின் தலைமையில் பிரான்சில் இயங்கிய இந்திய அஞ்சல் தணிக்கை அலுவலகத்துக்குப் போனது. 1915இல் வாரம் 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை எழுதப்பட்டதால் எல்லாவற்றையும் படிப்பது இயலாத காரியம். சிலவற்றைப் பிரித்துப் படித்து, வேண்டிய பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, அறிக்கையோடு மேலிடத்துக்கு அனுப்பினார்கள். இன்று நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் இந்த ஆங்கிலப் பகுதிகளே. மூலக் கடிதம் ஊருக்குப் போய் மறைந்துவிட்டது. சிப்பாயின் குரலை அடக்க வந்த அலுவலகமே அதைக் காத்தும் வைத்திருக்கிறது.

கடிதம் பிரிக்கப்படுகிறது என்பது சிப்பாய்களுக்குத் தெரியும். அதனால் சிலர் இந்தியரைக் கருமிளகு என்றும் ஆங்கிலேயரைச் செம்மிளகு என்றும் குறித்து, கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்ற பொருள்பட எழுதினர். இதைத் தணிக்கையாளரும் கண்டுகொண்டார். ஆகவே இக்கடிதங்களில் சொல்லப்பட்டதற்கு இணையாகச் சொல்லாமல் விட்டதற்கும் இடம் தர வேண்டும்.

ஒரு கடிதம்

ஜமேதார் மீர் தஸ்த் 1915 ஏப்ரல் 26 அன்று ஈப்ரே போரில், நச்சுவாயுத் தாக்குதலுக்கு நடுவே, காயம்பட்ட அதிகாரிகள் எட்டுப் பேரைச் சுமந்து வந்து காத்தவர். அவருக்கு அவ்வாண்டு ஆகஸ்டில் பெவிலியன் தோட்டத்தில் மன்னர் விக்டோரியா கிராஸ் அணிவித்தார். அதையொட்டி ஊருக்கு எழுதிய கடிதத்தில் அவர் அந்தப் பதக்கம் மிக நல்ல பொருள் என்கிறார். உடனேயே, வாயு தன்னை ஓய்வாக இருக்க விடவில்லை, தன் கதை முடிந்தது என்ற பொருளில் தொடர்கிறார்.

வீரம் தேடுவோர் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள். கசப்பைத் தேடுவோர் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மீர் தஸ்த் இரண்டையும் சேர்த்தே எழுதினார். பெருமையும் வலியும் ஒரே உடம்பில் இருந்தன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க அவர் முயலவில்லை. கடிதத்தின் மதிப்பு அங்கே இருக்கிறது.

தமிழ் மரபில் புண்

விழுப்புண்ணைப் பெருமையாகப் பேசுவது நம் மரபு. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் இதற்குச் சான்று. தகடூர், அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி போரில் புண்பட்டு நின்றபோது ஔவையார் பாடியது புறநானூற்று 93ஆம் பாட்டு. அரிசில்கிழாரின் 281ஆம் பாட்டில், புண்பட்டுக் கிடக்கும் தலைவனைக் காக்கப் பெண்கள் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு புகைத்து, காஞ்சிப்பண் பாடுகிறார்கள்.

இரண்டிலும் புண்பட்டவன் பேசுவதில்லை. ஒன்றில் புலவர் பேசுகிறார், மற்றொன்றில் மனைவி பேசுகிறாள். தர்மபுரி மாவட்டம் எங்கும் காணப்படும் நடுகற்களும் பெரும்பாலும் போரில் மாண்டவனுக்கே எழுப்பப்பட்டவை. புண்ணோடு பிழைத்தவன் என்ன நினைத்தான் என்பதற்குக் கல் இல்லை. அந்த இடைவெளியில்தான் பிரைட்டன் கடிதங்கள் முக்கியத்துவம் பெறுகின்றன. இங்கே புண்பட்டவனே பேசுகிறான். வேப்பிலை செருக வேண்டியவள் கடலுக்கு அப்பால் இருக்கிறாள். குணமானால் வீட்டுக்கு அனுப்பாமல் மீண்டும் போர்முனைக்கே அனுப்புகிறார்களே என்ற ஏக்கம் பல கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. விழுப்புண் என்ற ஒரு சொல்லுக்குள் இந்த ஏக்கம் அடங்காது.

தொகுப்பின் எல்லை

ஒமிசியின் நூலில் ஒலிப்பவை பெரும்பாலும் பஞ்சாபையும் வடமேற்கு எல்லையையும் சேர்ந்த குரல்கள். பிரான்சுக்குச் சென்ற படையின் அமைப்பே அதற்குக் காரணம். மதராஸ் படைப்பிரிவுகள் மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா முதலிய முனைகளில் இருந்தன. பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63ஆம் படைப்பிரிவு 1914 நவம்பரில் தாங்காவில் போரிட்டது. எனவே 'இந்தியக் குரல்கள்' என்ற தலைப்பைத் தமிழ் மாணவர்கள் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். இது தொகுப்பாசிரியரின் குறையன்று. எந்த முனையில் தணிக்கை முறையாக நடந்து அறிக்கை பேணப்பட்டதோ, அந்த முனையின் குரலே மிஞ்சியது.

எப்படி வாசிப்பது?

கடிதம் எழுதுதல் பாடத்தைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். 'நலம், நலமறிய ஆவல்' என்பதை வெறும் மரபுத் தொடர் என்று மாணவர்கள் கடந்துவிடுகிறார்கள். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுதுகிறவருக்கு அந்த 'நலம்' பெரிய பொறுப்பு. தாய் கலங்கக் கூடாது, தணிக்கையாளர் தடுக்கக் கூடாது, உண்மையும் போய்ச் சேர வேண்டும். எங்கள் மொரப்பூர்ப் பக்கம் இராணுவத்தில் இருந்தவர்களின் கடிதங்கள் '56 ஏ.பி.ஓ.' என்ற முகவரியோடு வரும். மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதை அந்த முகவரி சொல்லாது. எழுத்தின் சாய்வையும் கடிதத்தின் நீளத்தையும் பார்த்தே வீட்டார் நிலைமையை ஊகிப்பார்கள். ஆய்வாளருக்கும் வேண்டியது அந்த வாசிப்புதான்.

ஆகவே போர்க்காலக் கடிதம் ஒன்றை எடுக்கும்போது நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். சொன்னவர் யார், எழுதியவர் யார்? யார் படிப்பார் என்று தெரிந்து எழுதினார்? எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு வந்தது? எதைச் சொல்லாமல் விட்டார்? விடை முழுதாகக் கிடைக்காவிட்டாலும், கேட்ட பிறகு மேற்கோள் காட்டும் கை நிதானப்படும்.

தமிழ்ச் சிப்பாய்களின் பழைய கடிதங்கள் சில வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். தணிக்கையாளரின் ஆங்கிலம் இடையில் வராத, சொன்னவரின் சொல்லே உள்ள கடிதங்கள் அவை. பெட்டியைச் சுத்தம் செய்யும் நாளில் அவற்றைக் குப்பையோடு சேர்த்துவிடாமல், யார், யாருக்கு, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் குறித்து உடன் வைத்தால், பிரைட்டன் கடிதங்களில் இல்லாத குரல் நமக்குக் கிடைக்கும்.