பாஞ்சோவின் ஸனது

ஒரு செய்தி எத்துணை இனிதாயினும், அதை அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார் என்று ஸனதை ஆராய்ந்த பின்னரே ஏற்பது ஹதீஸ்கலை வல்லோர் நமக்குக் காட்டிய நெறி. இசைக்கும் அந்நெறி பொருந்தும் என்பதை அமெரிக்க நரம்பிசையின் வரலாறு உணர்த்துகிறது.

அந்நாட்டு மலைவாழ் மக்களின் இசை என்றதும், வயலினும் பாஞ்சோவும் ஏந்திய வெள்ளையரே உலகின் நினைவுக்கு வருகின்றனர். பில் மன்றோவின் குழுவில் 1945ஆம் ஆண்டு சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ், மூன்று விரல்களால் மீட்டி எழுப்பிய விரைவும் தெளிவும் 'புளூகிராஸ்' இசைக்கு உருவம் தந்தன. அத்திறமையைக் குறைத்து மதிப்பது நேர்மையன்று. ஆனால் அவர் கையிலிருந்த கருவி எங்கிருந்து வந்தது?

பாஞ்சோ என்று நம்மவர் சிலர் அழைக்கும் புல்புல்தாரா வேறு. இது, தோல் போர்த்த சுரைக்குடுக்கையில் நரம்பு கட்டிய மேற்கு ஆப்பிரிக்கக் கருவிகளின் வழித்தோன்றல். 17ஆம் நூற்றாண்டில் கரீபியத் தீவுகளின் அடிமைகள் உருவாக்கியது. 19ஆம் நூற்றாண்டில் முகத்தில் கரி பூசிக் கறுப்பரை நையாண்டி செய்த வெள்ளைக் கூத்தர் அதை மேடையேற்றினர். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர் பாட்டு, வெள்ளையர் பாட்டு என இரு வரிசைகளாகப் பிரித்து விற்றன. ஸனதின் முதற்கண்ணி மறைந்தது.

அக்கண்ணியைத் தேடிச் சென்றவர் 1977இல் வட கரோலினாவில் பிறந்த ரியானன் கிட்டன்ஸ். ஜோ தாம்ப்சன் என்ற முதிய கறுப்பின வயலின் கலைஞரிடம் தோழர்களுடன் அமர்ந்து பழைய மெட்டுகளைக் கற்றார். 1858ஆம் ஆண்டின் மாதிரியில் செய்த, மெட்டுக்கட்டைகளற்ற பாஞ்சோவை அவர் மீட்டுகையில் ஸ்க்ரக்ஸின் மின்னல் வேகம் இல்லை. தாழ்ந்து கனத்த நாதம் உண்டு. வேகம் வியக்கச் செய்கிறது. இந்நாதமோ நினைக்கச் செய்கிறது. பின்னதையே நான் உயர்வாகக் கருதுகிறேன்.

மைக்கேல் ஏபெல்ஸுடன் அவர் இயற்றிய 'உமர்' என்ற இசை நாடகம் 2022இல் சார்ல்ஸ்டன் நகரில் அரங்கேறி, 2023இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதன் நாயகர் உமர் இப்னு ஸயீத், செனகல் ஆற்றையடுத்த ஃபூத்தா தோரோவில் கல்வி கற்ற முஸ்லிம் அறிஞர். 1807இல் அதே சார்ல்ஸ்டனில் அடிமையாக இறக்கப்பட்டவர். அவர் பின்னாளில் கிறித்தவரானதாகப் பதிவுண்டு. ஆயினும் 1831இல் அரபியில் எழுதிய தன் வரலாற்றை ஸூரத்துல் முல்க்கைக் கொண்டே தொடங்கினார். ஆட்சி முழுதும் யாருடையது என்று கூறும் அத்தியாயத்தை, தம்மையே உடைமையாக்கிக் கொண்டோரிடையே அமர்ந்து அவர் எழுதினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தச் செனகல் ஆற்றங்கரைக்கும் நம் புதுச்சேரிக்கும் உறவுண்டு. இங்கு நெய்து அவுரியில் தோய்த்த 'கினே' என்ற நீலத்துணியை வேலம்பிசினுக்கு விலையாகப் பிரெஞ்சு வணிகர் அங்கே கொடுத்தனர். நாணயம் போலவே அது வழங்கியது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை வாங்கவும் இந்தியத் துணிகள் விலையாயின. நெய்தவரும் சாயமிட்டவரும் இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்துவிட்ட நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

இதையெல்லாம் கேட்டதும், பாஞ்சோ முஸ்லிம்களின் கொடை என்று முழங்கச் சிலர் விரையக்கூடும். அது ஒரு கண்ணியை மறைத்தவர் செய்த பிழையையே மறுபுறமிருந்து செய்வதாகும். ஆப்பிரிக்கரில் பல சமயத்தவர் இருந்தனர். வயலின் ஐரோப்பியர் கொண்டு வந்தது. மன்றோவோ கறுப்பினக் கலைஞர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸிடம் பெற்ற கல்வியை மறைக்காமல் கூறினார். எல்லாக் கண்ணிகளையும் பெயர் சொல்லி எண்ணுவதே ஸனது. கிட்டன்ஸின் கலை அப்பணியைச் செய்கிறது. அதனாலேயே அது கேட்கத் தக்கது.