பந்தைக் கையில் திணித்த அணித்தலைவர்

39 டெஸ்ட் போட்டிகளில் ஒரு சதம்கூட அடிக்காமல், 22.88 என்ற சராசரியோடு விடைபெற்ற மைக் பிரியர்லி, மட்டையாளராக மட்டும் எடைபோடப்பட்டிருந்தால் இங்கிலாந்து அணியில் நெடுநாள் நீடித்திருக்க மாட்டார். ஆயினும், அவர் தலைமையேற்ற 31 போட்டிகளில் 18இல் வென்று 4இல் மட்டுமே அந்த அணி தோற்றதால், பணியிடத் தலைமை பற்றிய கோட்பாடுகளை உரசிப் பார்க்க அவரைவிட நல்ல உரைகல் விளையாட்டுலகில் கிடைப்பது அரிது.

வேலையில் கெட்டிக்காரரையே மேலாளர் நாற்காலியில் உட்கார வைக்கும் அலுவலக வழக்கப்படிதான் இயன் போத்தமும் அணித்தலைவரானார். அவர் தலைமையில் ஆடிய 12 டெஸ்ட்களில் ஒன்றிலும் இங்கிலாந்து வெல்லவில்லை. 1981 ஆஷஸ் தொடரின் லார்ட்ஸ் போட்டியில் இரு இன்னிங்ஸிலும் ரன் எடுக்காமல் ஆட்டமிழந்த பின் அவர் பதவி விலக, பிரியர்லி திரும்ப அழைக்கப்பட்டார். தலைவரின் பாணி எளிதில் மாறாது, ஆகவே சூழலுக்குப் பொருந்தும் ஆளைத் தேட வேண்டும் அல்லது ஆளுக்கு ஏற்பச் சூழலைத் திருத்த வேண்டும் என்று ஃபிரெட் ஃபீட்லர் 1967இல் விரித்துரைத்த பொருத்தக் கோட்பாட்டைத் தேர்வாளர்கள் படித்திருக்க வேண்டியதில்லை; செய்தது என்னவோ அதையேதான்.

பால் ஹெர்சியும் கென் பிளாஞ்சர்டும் 1969இல் முன்வைத்த சூழல்சார் தலைமைக் கோட்பாடோ, பணியாளரின் திறமையையும் மனநிலையையும் பார்த்துத் தலைவர்தான் தம் அணுகுமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. பிரியர்லி திரும்பியதும் அதே தொடரில் ஹெடிங்லியில் நடந்த போட்டியில், ஃபாலோ ஆன் பெற்று 135 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளை இழந்திருந்த அணியை போத்தம் ஆட்டமிழக்காமல் அடித்த 149 மீட்டது. 130 ரன் இலக்கைத் துரத்திய ஆஸ்திரேலியா 56க்கு 1 என்ற நிலையிலிருந்து 75க்கு 8 என்று சரிந்ததற்குக் காரணம் வேகப்பந்து வீச்சாளர் பாப் வில்லிஸ். சீண்டினால் சினந்தெழுபவர் போத்தம் என்பதால் அவரைக் கேலிப்பெயர் சொல்லிக் கிளறிய பிரியர்லி, வில்லிஸிடம் நோபாலைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு வேகமாக வீசும்படி மட்டும் கூறி, அவர் விரும்பிய சரிவுமுனையையும் கொடுத்தார். வில்லிஸ் 43 ரன்களுக்கு 8 விக்கெட்டுகளை எடுக்க, இங்கிலாந்து 18 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது.

எனினும், திறமை இருந்தும் தயங்குபவரோடு கலந்து பேசி முடிவெடுக்கச் சொல்லும் அக்கோட்பாட்டின் கட்டங்களுக்குள் அடுத்து நடந்தது அடங்கவில்லை. எட்ஜ்பாஸ்டனில் பந்துவீசத் தயங்கிய போத்தமிடம் பிரியர்லி விடாப்பிடியாகப் பந்தைக் கொடுத்தார். 28 பந்துகளில் ஒரே ரன்னைக் கொடுத்து 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார் போத்தம்.