மாதரி மனையும் சைனா டவுனும்

சிலப்பதிகாரத்தைப் பற்றி நம்மவரிடையே சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. கண்ணகியின் கற்பைப் போற்றுவார் ஒரு சாரார்; பாண்டியன் நீதியைப் பாராட்டுவார் ஒரு சாரார்; மாதவிக்காக வாதாடுவார் மற்றொரு சாரார். தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும் ஆண்டு விழா என ஒன்று வந்துவிட்டால் இம்மூவருள் ஒருவரேனும் மேடையேறாமற் போவதில்லை. ஆனால், ஊர் விட்டு ஊர் வந்த ஒரு குடும்பத்துக்கு இடங்கொடுத்த எளிய பெண்ணொருத்தியும் அக்காப்பியத்தில் இருக்கின்றாள். ஆயர் முதுமகள் மாதரி என்பது அவள் பெயர். அவளைப் பற்றிப் பேசுவார் மிக அரியர். அவளைச் சிங்கப்பூரில், அதுவும் சைனா டவுனில் இருந்துகொண்டு நினைக்க வேண்டிய அவசியம் என்னவென்பதைக் கூறவே இக்கட்டுரை.

கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு மதுரைக்கு வந்தது பிழைப்புத் தேடியே. பொருளை இழந்த வணிகன், புதிய ஊரில் மீண்டும் தலையெடுக்கலாம் என்று வந்தான். கையிலிருந்த முதல் ஓர் இணைச் சிலம்பு. மனைவியைத் தவிரச் சுற்றம் இல்லை. இன்றைய மொழியிற் கூறினால் அவர்கள் குடியேறிகள். காப்பியம் என்ற பட்டாடையை அகற்றிவிட்டுப் பார்த்தால், கப்பலிறங்கித் துறைமுகத்தில் திகைத்து நின்ற நம் பாட்டன் பாட்டியின் கதைதான் அது.

இனி, மதுரையில் அவர்களுக்கு உதவுவார் இல்லையா? இருந்தனர். இதுதான் நம் சொற்பொழிவாளர் கவனியாத இடம். கவுந்தியடிகள் மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கும்போது என்ன சொல்லுகின்றார் என்று அடைக்கலக் காதையைப் புரட்டிப் பாருங்கள். இவள் கணவனுடைய தந்தை இன்னார் என்பதை இந்நகரத்து வணிகர் கேள்வியுற்றால், கிடைத்தற்கரிய பொருள் கிடைத்தாற்போல எதிர்கொண்டு தம் மனையில் வைத்துக்கொள்வர். அவ்வாறு அவர்கள் போய்ச் சேருமளவும் இவளை உன்னிடம் விடுகின்றேன் என்பது அவர் கூற்றின் கருத்து. ஆகவே உதவி இருந்தது. உதவும் மனமும் இருந்தது. இல்லாதது ஒன்றே: செய்தி. இவர்கள் வந்திருப்பதை வணிகர் அறியார். வணிகர் வாயிலைத் தட்டும் வகையைக் கோவலனும் நாடவில்லை.

அவன் முயலவே இல்லை என்றும் சொல்லற்கில்லை. ஊர்காண் காதையில், வணிகரிடம் தன் நிலைமையை உணர்த்தி வருவதாகச் சொல்லிவிட்டே அவன் நகருக்குள் செல்லுகின்றான். சென்றவன் என்ன செய்தான்? மணி விற்கும் தெருவைக் கண்டான், பொன் விற்கும் தெருவைக் கண்டான், அறுவை வீதியையும் கூல வீதியையும் கண்டான், திரும்பி வந்துவிட்டான். ஒரு வணிகனோடு ஒரு வார்த்தை பேசியதாகவும் இளங்கோ சொல்லவில்லை. புலவர்கள் இக்காதையை நகர வருணனை என்று வகைப்படுத்தி நகர்ந்துவிடுகின்றனர். எனக்கோ அது ஒரு புதியவனின் மிக உண்மையான சித்திரமாகத் தோன்றுகின்றது. கெட்டு நொந்தவன் செல்வர் வாயிலில் நின்று தன் பெயரைச் சொல்ல நாணுவான். தெருத்தெருவாகச் சுற்றுவான், எல்லாவற்றையும் பார்ப்பான், எவரையும் கேளாமல் இருப்பிடம் சேருவான். இத்தகையவனை இன்றும் நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

மாதரி செய்த உதவியோ சிறிதன்று. வேலியிட்டுச் செம்மண் பூசிய தனி மனையொன்றை ஒழித்துக் கொடுத்தாள். சாலி அரிசியும், பாலும், மாங்கனியும் வாழைக்கனியும், வெள்ளரியும் மாதுளையும் தந்தாள். வந்தவர் கொண்ட நோன்புக்குத் தக்க உணவை அவர்களே ஆக்கிக்கொள்ளும்படிக் கலங்களுக்கும் ஏற்பாடாயிற்று. தன் மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தூண் முறையில் துணையாக வைத்தாள். வணிகர் குலத்துப் பெண்ணுக்கு இடைக்குலப் பெண் நாத்தனார்! குலம் பார்த்துப் பந்தி வைக்கும் நம் பெரியவர்கள் இவ்விடத்தைச் சற்று நிதானித்துப் படிப்பது நலம்.

இத்தனையும் செய்த மாதரி ஒன்றை மட்டும் செய்யவில்லை. கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டபோது, அவனோடு ஆயர்பாடியிலிருந்து ஒருவரும் செல்லவில்லை. அருகில் எவரும் இல்லாத வேளையிலேயே அவன் மனைவியிடம் விடைபெற்றான். வழியில் ஓர் எருது எதிர்ப்பட்டது. அது தீய நிமித்தம் என்பது அவனுக்குத் தெரியாது; அவன் குலத்தார் அறியாத சங்கதி அது என்று இளங்கோவே காரணமுங் கூறுகின்றார். நிமித்தத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் அவ்விடத்தில் புலவர் உணர்த்தும் உண்மை நிமித்தத்தினும் பெரிது: ஊரார்க்கெல்லாம் தெரிந்த ஒன்று புதியவனுக்குத் தெரியாது. அடுத்த கணம், நூறு கொல்லர் பின்தொடர வந்த ஒருவனைக் கண்டான். ஆரவாரத்தைக் கண்டு மதிப்பிட்டான். அரசியின் சிலம்பைத் திருடிய கள்வனையே விலை கேட்டான். மதுரைக் கடைத்தெருவில் யார் நல்லவன், யார் பொல்லாதவன் என்று சொல்ல அவனுக்கு ஓர் ஆள் இல்லை.

மனையில் என்ன நடந்தது? பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை என்று கண்ட மாதரி, தீங்கு வருமென அஞ்சிக் குரவைக்கூத்து ஆடச் செய்தாள். புதியவன் ஒருவன் காலையில் போனானே, போய்ப் பார்த்து வா என்று ஓர் ஆளை அனுப்பவில்லை. கூத்து முடிந்தபின் கொலைச் செய்தி வந்தது.

இவையெல்லாம் ஊழ்வினையால் நேர்ந்தன என்பர் நம் புலவர். நூலின் பதிகமே ஊழை மூன்று உண்மைகளுள் ஒன்றாக வைத்திருக்க, காப்பியத்தில் விளம்பரத் தாளைத் தேடுகின்றாயே என்று நண்பரொருவர் என்னை நகையாடினார். இளங்கோ ஊழைச் சொன்னார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் ஊழை மட்டுமா சொன்னார்? வணிகர் அறிந்தால் ஏற்பர் என்ற சொல்லை எதற்காகக் கவுந்தி வாயில் வைத்தார்? ஒருவரோடும் பேசாமல் திரும்பிய பகற்பொழுதை எதற்காக ஒரு காதையாகப் பாடினார்? எல்லாவற்றுக்கும் மேலாக, அடைக்கலத்தை இழந்தேனே என்று கூறி நள்ளிரவில் மாதரி எரிபுகுந்ததையும், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டதையும் நீர்ப்படைக் காதையில் எதற்காகச் சொல்லுவித்தார்? எல்லாம் ஊழே என்றால் மாதரிக்குக் குற்றவுணர்ச்சி எங்கிருந்து வந்தது? சோறும் கூரையும் தந்ததோடு அடைக்கலம் முடிந்துவிடவில்லை என்பதை அம்முதுமகள் உணர்ந்தாள். உரை எழுதியவர்களும் மேடையில் பேசுபவர்களும்தான் உணரவில்லை.

நிற்க. சைனா டவுன் என்ற பெயரைக் கேட்டதும் அது சீனர்க்கே உரிய இடம் என்று எண்ணுவார் பலர். அங்கே சௌத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள மாரியம்மன் கோயில் 1827-இல் நாராயண பிள்ளையால் தோற்றுவிக்கப்பட்டது. 1819-இல் ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த அவரும் ஒரு குடியேறியே. அதே சாலையில் சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல் 1826-இல் தோன்றியது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுந்தது. கோயிற் கோபுரத்தால் பகோடா தெருவுக்குப் பெயர் வந்தது. மாரியம்மன் கோயில் அந்நாளில் வழிபாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. வேலையும் இருப்பிடமும் கிடைக்குமட்டும் புதிதாக வந்த தமிழர் தங்கிய இடமாகவும் அது இருந்தது. நம் மாதரி மனை அது.

சீனத் தோழர்களும் தத்தம் மொழிவழிச் சங்கங்களை அமைத்தனர். ஹக்கா மொழியினரின் சங்கம் 1820-களிலேயே தெலுக் ஆயர் தெருவில் ஏற்பட்டது. இத்தகைய சங்கங்கள் வந்தவனுக்கு வேலை தேடித் தந்தன. இறந்தவனை அடக்கஞ் செய்தன. ஆனால் ஒரு மொழியினர் சங்கத்தில் மற்றொரு மொழியினர்க்கு இடமில்லை. சாதியால் நாம் பிரிந்தோம். ஊராலும் மொழியாலும் அவர்கள் பிரிந்தனர். இந்நிலையில் 1867-இல் சீன வணிகர் சிலர் நிறுவிய தோங் சாய் மருத்துவ நிலையம் ஒரு புதுமையே. எந்த இனத்தான் ஆயினும், எச்சமயத்தான் ஆயினும், அங்கே கட்டணமின்றி நோய் பார்த்து மருந்து தந்தனர். 1892-இல் வாயாங் தெருவில் அதற்குத் தனிக் கட்டடமும் அமைந்தது. தமிழனுக்கும் அவ்வாயில் திறந்தே இருந்தது. ஆனால் திறந்த வாயிலைத் திறந்திருக்கின்றதென்று சொல்லுவார் இல்லாவிடில், அதுவும் அடைத்த வாயிலே.

தோட்டத்துத் தோழர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. துணை பெற்றுக் குடியேறுதலை 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரை கங்காணியே ஆளைக் கொண்டுவந்தான். கப்பல் எப்போது, தோட்டம் எது, கூலி எவ்வளவு, துரையிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அவன் ஒருவனுக்கே தெரியும். வழியைச் சொன்னவனே கடனையும் ஏற்றினான். செய்தி ஒருவன் கையில் மட்டும் இருந்தால் அதிகாரமும் அவன் கையில்தான் இருக்கும். மதுரைப் பொற்கொல்லனுக்கும், கங்காணிக்கும், இன்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலே பணம் வாங்கிக்கொண்டு ஆளனுப்பும் ஏஜெண்டுக்கும் முதல் ஒன்றே. அது புதியவனின் அறியாமை.

என் குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். நான் குடியிருக்கும் தெருவில், எதிர்க் கடைவீட்டு மாடியில், கட்டட வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர் சிலர் தங்கியிருந்தனர். அவர்களுள் ஒரு தம்பிக்கு வேலையிடத்தில் கை நசுங்கி இரண்டு விரல்கள் மடங்காமற் போயின. பண்டிகை நாட்களில் என் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. ஊருக்குப் பணம் போதாதபோது கொடுத்தும் இருக்கின்றேன். "அண்ணே, கை சரியானதும் மேஸ்திரி நல்ல வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்" என்பான். நானும் தலையசைத்தேன். காயத்துக்கு இழப்பீடு கேட்டாயா என்று நான் கேட்டபோது, விபத்து நடந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். அவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை என்பதால். பன்னிரண்டு மாதம் சோறு போட்டேன்; ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவுதான் மாதரி எரிபுகுந்த பகுதியை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

வேலை அனுமதிச் சீட்டில் வரும் இத்தகைய தொழிலாளி மனைவி மக்களை அழைத்துவர இயலாது. ஆதலால் அவனைத் தனியாள் என்று எண்ணிவிடுகின்றோம். அவன் விரல் போனால் சோறு போவது புதுக்கோட்டைப் பக்கத்திலோ மன்னார்குடிப் பக்கத்திலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு. நம் அயலில் இருப்பது ஒருவனே ஆயினும், நாம் தாங்க வேண்டியது ஒரு குடும்பத்தை. 2020-இல் கொள்ளைநோய் தொழிலாளர் விடுதிகளிற் புகுந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியபோது, மருந்தைப் போலவே அவசியமாக வேண்டியிருந்தது அவரவர் மொழியிற் செய்தி என்பதை நாடே கண்டது.

உதவி இல்லாமல் இல்லை. டிரான்சியன்ட் ஒர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்னும் அமைப்பு 2008-இல் லிட்டில் இந்தியாவில் கஃப் ரோட்டுத் திட்டத்தைத் தொடங்கி, வேலையிழந்து வழக்கு முடிவுக்குக் காத்திருப்போர்க்கு இலவச உணவளித்தது. உணவு வாங்க வருபவன் வழக்கையும் கேட்டு வழி சொல்லிற்று. சோறும் செய்தியும் ஒரே இடத்தில்! மாதரி மனையின் குறையை நிறைவாக்கிய ஏற்பாடு இதுவே என்பேன். 2006-இல் தோன்றிய ஹெல்த்சர்வ் குறைந்த செலவில் தொழிலாளர்க்கு மருத்துவம் செய்கின்றது. 2009-இல் ஏற்பட்ட குடியேறித் தொழிலாளர் நிலையமும் இருக்கின்றது. இங்கே குடியுரிமை பெற்று வாழும் இந்தியக் குடும்பங்களுக்கு 1991-இல் அமைந்த சிண்டா இருக்கின்றது. வேலையை விட்டவன் சம்பளப் பாக்கிக்கு ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதும் அறிந்து வைக்க வேண்டியதே. இவற்றை அறிந்து வைப்பது தொழிலாளியின் கடமை மட்டுமன்று, அயலானின் கடமையுமாகும். புதியவனுக்கு எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாதே!

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா மலர் அச்சிடுகின்றன. தலைவர் படம், செயலாளர் படம், வாழ்த்துரை, கடை விளம்பரம், விருந்தோம்பலைப் பற்றி ஒரு கட்டுரை. அதில் ஒரே ஒரு பக்கத்தை ஒழித்து, காயம் பட்டால் எங்கே போவது, சம்பளம் வராவிட்டால் யாரைக் கேட்பது, அதற்குத் தவணை எத்தனை மாதம் என்று எளிய தமிழில் அச்சிட்டாற் குடிமுழுகிப் போகாது. திருக்குறளில் விருந்தோம்பல் ஓர் அதிகாரம் என்பதை நம் பிள்ளைகள் அறிவர். பக்கத்து மாடியில் இருப்பவன் பெயரையும் அவர்கள் அறிய வேண்டும்.

கோவலன் புறப்பட்ட அந்தக் காலையில் ஆயர்பாடியிலிருந்து ஒருவன், "பொறும் ஐயா, நானும் கடைத்தெருவுக்கு வருகின்றேன்" என்று எழுந்திருந்தால் இளங்கோவுக்குக் காப்பியம் கிடைத்திராது. கிடைக்காமற் போகட்டும். ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.