சத்திமுத்தப் புலவரின் நாரை எந்த மாதத்தில் பறந்தது?

தமிழில் பறவைகளின் வலசை பற்றிப் பேச்சு எடுத்தால் பத்து நிமிஷத்துக்குள் சத்திமுத்தப் புலவர் வந்துவிடுவார். செங்கால் நாரையைத் தூது விட்ட அவருடைய தனிப்பாடலைப் பலரும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். இணையத்தில் அதற்கு ஒரு நிலையான விளக்கம் உண்டு. சிவந்த காலும் சிவந்த அலகும் உள்ள அந்தப் பறவை ஐரோப்பாவிலிருந்து வரும் வெண்ணாரை. குமரிவரை வந்து வடக்கே திரும்புவதைப் புலவர் சொல்லிவிட்டார். ஆகவே வெள்ளைக்காரனுக்கு முன்னாடியே நமக்கு வலசை தெரியும். இதை ஃபார்வர்டு பண்ணாத வாட்ஸப் குழு மதுரையில் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த விளக்கத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு நெருடல். பாட்டில் தப்பு இல்லை. பாட்டை முதல் ஐந்து வரியோடு நிறுத்திவிட்டுப் படிக்கிறோமோ என்பதுதான் நெருடல்.

பாட்டு என்ன சொல்கிறது என்று என் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன். பிளந்த பனங்கிழங்கு மாதிரி அலகு, பவளம் மாதிரி நிறம், சிவந்த கால். நாரையே, நீயும் உன் ஜோடியும் தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே போவதாக இருந்தால், எங்கள் ஊர்க் குளத்தில் தங்குங்கள். அங்கே சுவர் நனைந்த ஒரு கூரை வீட்டில் பல்லி என்ன சொல்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு என் மனைவி இருப்பாள். அவளைப் பார்த்து, பாண்டியனுடைய கூடல் நகரில் போர்த்தத் துணியில்லாமல், வாடைக்காற்றில் ஒடுங்கி, கையால் உடம்பை மூடி, காலை மடக்கிக் கட்டிக்கொண்டு, பெட்டிக்குள் அடைபட்ட பாம்பு மாதிரி மூச்சு விடும் ஓர் ஏழையைக் கண்டோம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் சேதி. பணம் அனுப்புகிறேன் என்றோ சீக்கிரம் வருகிறேன் என்றோ ஒரு சொல் இல்லை.

இப்போது மாதத்தைப் பார்ப்போம். பாட்டுக்குள்ளேயே தேதி இருக்கிறது. வாடை அடிக்கிறது, அதாவது வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. ஊரில் வீட்டுச் சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது, அதாவது ஐப்பசி கார்த்திகை மழை விட்டு அதிக நாளாகவில்லை. மூன்றாவது சாட்சி பனங்கிழங்கு. ஆவணி புரட்டாசியில் கொட்டையைப் புதைத்தால் மார்கழி கடைசியில், தையில் கிழங்கு தோண்டுவார்கள். பொங்கல் சமயத்தில் சமயநல்லூரில் எங்கள் தெருவரைக்கும் கட்டுக்கட்டாக வரும். மஞ்சள் போட்டு அவித்து, உரித்து, நடுவில் பிளந்தால் இரண்டு நீளக் கூர்த் துண்டுகள். அலகின் மேல்தாடை, கீழ்த்தாடை கணக்காக. அந்த உவமை புலவருக்கு நூலகத்திலிருந்து வந்திருக்காது. கிழங்குக் காலத்தில் அவர் கண்முன்னே கிடந்திருக்க வேண்டும். மூன்று சாட்சியும் மார்கழி, தை என்றே கையெழுத்துப் போடுகின்றன.

வெண்ணாரையின் நாட்காட்டி வேறு. இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் வருவது அது. வருவதில் பெரும்பங்கு மத்திய ஆசியாவைச் சேர்ந்தவை என்பது தனிக் கதை. ஐரோப்பாவை மட்டும் சொல்வது நம் ஆசை. செப்டம்பர், அக்டோபரில் வந்து சேரும். திரும்பிப் போவது பங்குனியை ஒட்டி. தவிர, அது சிறகடித்தே நெடுந்தூரம் போகும் பறவை இல்லை. வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றில் வட்டமடித்து மேலே போய், அங்கிருந்து சறுக்கிக்கொண்டே போகும். கடலுக்கு மேல் அந்த வெப்பக்காற்று கிடைக்காது என்பதால்தான் ஐரோப்பிய நாரைகள் மத்தியத்தரைக்கடலைத் தவிர்த்து, ஜிப்ரால்டர் வழியாகவோ பாஸ்பரஸ் வழியாகவோ சுற்றிப் போகின்றன. அப்படிப்பட்ட பறவை மார்கழி வாடைக்கு எதிராக வடக்கே கிளம்புமா? "போவதாக இருந்தால்" என்றுதானே புலவர் சொல்கிறார், பிறகு போகட்டுமே என்று கேட்கலாம். குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவன் இரண்டு மாதம் கழித்துக் கிளம்பும் தபால்காரனிடமா கடிதம் கொடுப்பான்?

இன்னொன்று ஜோடி. வெண்ணாரையின் விசுவாசம் கூட்டுக்குத்தான். ஆணும் பெண்ணும் பொதுவாகத் தனித்தனியே வலசை போய், வசந்தத்தில் பழைய கூட்டில் வந்து சந்திக்கும். குரோஷியாவில் ப்ரோட்ஸ்கி வரோஷ் என்ற ஊரில் இருந்த மலேனாவின் கதையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேட்டைக்காரர் சுட்டதால் பறக்க முடியாமல்போன பெண் நாரை. ஸ்டெபான் வோகிச் என்ற பள்ளி ஊழியர் அதை வளர்த்தார். க்ளெபெதான் என்ற ஆண் நாரை ஒவ்வொரு குளிர்காலமும் ஆப்பிரிக்கா போய், ஒவ்வொரு வசந்தமும் அதனிடம் திரும்பி வந்தது. உலகமே கண்ணீர் விட்ட காதல் கதை. அதிலும் குளிர்காலம் பிரிவுக் காலம்தான். வெண்ணாரை தமிழ்நாட்டில் இருக்கும் மாதங்களில் குடும்பமாக இருப்பதில்லை. அதன் குடும்பம் வடக்கே, கோடையில்.

அப்படியானால் மார்கழி, தையில் இங்கே ஜோடியாக இருக்கும் பெரிய நாரை எது? மஞ்சள் மூக்கு நாரை. வர்ண நாரை என்றும் சொல்வார்கள். நிற்கும்போது மூன்றடி உயரத்துக்கு மேல். வெள்ளை உடம்பு, மார்பில் கறுப்புப் பட்டை, வாலோரச் சிறகில் ரோஸ் பவுடர் தூவிய மாதிரி ஒரு நிறம். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய் நிறைந்ததும் இது கூட்டம் கூட்டமாக மரத்தில் கூடு கட்டும். ஜோடி சேர்வதும் அப்போதுதான். இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் தண்ணீர் இருக்கும் திசையில். தெற்கே ஒரு குளத்திலிருந்து வடக்கே காவிரிப் படுகைக் குளத்துக்குப் போவது அதற்குச் சாதாரணம். சத்திமுற்றம் கும்பகோணம் பக்கம், பட்டீஸ்வரத்தை ஒட்டிய ஊர். குமரி, மதுரை, கும்பகோணம் மூன்றையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்க, தெற்கிலிருந்து வடக்கே வரிசையாக வரும்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் நிறம். பவளம் என்றால் சிவப்பு; வெண்ணாரையின் அலகும் காலும் பளிச்சென்ற சிவப்பு. மஞ்சள் மூக்கு நாரைக்குப் பெயரிலேயே மஞ்சள். நியாயம்தான். ஆனால் பவளத்தில் ஆரஞ்சு சாயல் கொண்டதும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் இந்த நாரையின் முகம் செம்மஞ்சளாகச் சிவக்கும், காலிலும் சிவப்பு கூடும். அலகின் நுனி லேசாகக் கீழே வளைந்திருக்கும். பனங்கிழங்கும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருப்பதில்லை. கூந்தன்குளம் பற்றிய நாளிதழ்ச் செய்திகளில் 'செங்கால் நாரை' என்ற பெயர் இதற்கே ஒட்டப்படுவதையும் பார்க்கலாம். நிறத்தை வைத்து வாக்கெடுத்தால் வெண்ணாரை ஜெயிக்கும். மாதத்தை வைத்தும் ஜோடியை வைத்தும் எடுத்தால் மஞ்சள் மூக்கு நாரை. என் ஓட்டு இரண்டாவதற்கு.

குமரியில் நாரை நீராடுவது பற்றியும் ஒரு வார்த்தை. எந்த நாரையும் கடலில் தீர்த்தமாடாது. தெற்கே குமரியில் முழுகி வடக்கே போவது யாத்திரைத் தம்பதியின் வேலை. புலவர் நாரையைப் புருஷன் பெண்டாட்டியாகப் பார்க்கிறார். தான் அப்படி இல்லை என்பதால் பார்க்கிறார். இந்த இடத்தில் பறவையியல் தேடுவது வீண்.

வலசைப் பெருமையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். அரிஸ்டாட்டில், நாரை உள்ளிட்ட சில பறவைகள் குளிர்காலத்தில் ஒளிந்துகொள்வதாக எழுதினார் என்பது உண்மை. 1822இல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் அருகே கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி குத்தியபடியே வந்து சேர்ந்த வெண்ணாரை, அவை எங்கே போய் வருகின்றன என்பதற்குக் கண்கூடான சாட்சியானதும் உண்மை. அந்தப் பறவையின் பாடம் செய்த உடல் இன்றும் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் போட்டியில் சத்திமுத்தப் புலவரை இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் பறவை எந்தக் கண்டத்திலிருந்து வந்தது என்று சொல்லவே இல்லை. அவர் சொன்னது அது எங்கே இறங்கும் என்பதை. எங்கள் ஊர்க் குளத்தில் தங்குங்கள் என்கிறார். நாரைக்கு விலாசம் குளம் என்று தெரிந்தவரின் பாட்டு அது. மதுரையிலிருந்து கும்பகோணம் போகும் பறவை நடுவில் எத்தனை கண்மாயில் இறங்கி ஏறியிருக்கும்! அத்தனையும் நிறைந்திருந்ததால்தான் அந்தத் தூது நடக்கக்கூடியதாகத் தோன்றுகிறது.

இங்கேதான் எந்த நாரை என்ற கேள்வி வெறும் தமிழ்ப் பண்டிதர் சண்டையாக இல்லாமல் போகிறது. வெளிநாட்டு விருந்தாளி என்று பேசினால் நம் பொறுப்பு வேடிக்கை பார்ப்பதோடு முடிகிறது: வந்தது, போட்டோ எடுத்தோம், போயிற்று. இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவை என்றால் கணக்கு மாறுகிறது. மஞ்சள் மூக்கு நாரை ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு பறக்க அதற்குமேல் இரண்டு மாதம். ஆக மூன்று மாதத்துக்குக் குறையாமல் கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும். அதுவும் ஆழம் குறைந்த தண்ணீர். இது கொக்கு மாதிரி உற்றுப் பார்த்துக் குத்தும் பறவை இல்லை. பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும்; காலால் சேற்றைக் கிளறும்; மீன் அலகில் பட்டதும் டக்கென்று மூடும். முழங்கால் ஆழத்துக்கு மேல் போனால் இந்த வித்தை பலிக்காது. கரையைச் செங்குத்தாக வெட்டிக் கிண்ணம் மாதிரி ஆழப்படுத்தும் 'கண்மாய் சீரமைப்பு' நமக்குத் தண்ணீர் சேர்க்கலாம், நாரைக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்குகிறது. சீரமைப்புத் திட்டங்களைப் பாராட்டி எழுதுகிறவர்கள் கரைச்சரிவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்கு எரிச்சல்.

அடுத்தது மரம். கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலமரம்தான் நம் பக்கம் இவற்றின் வீடு. சமூகக் காடு வளர்ப்பில் நட்டவை அவை. முற்றினால் ஏலம் விட்டு வெட்டுவதும் அந்தத் திட்டத்திலேயே சேர்ந்தது. வெட்டும் மாதம் அடைகாக்கும் மாதமாக அமைந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டிச் சீமைக்கருவேலத்தை அகற்றும் வேகம் எல்லா ஊரையும் பிடித்தபோது, அந்த முள்மரத்திலும் பறவைகள் கூடு கட்டும் இடங்கள் உண்டு என்பதைப் பேசினவர்கள் சிலர்தான். எந்த மரத்தை எடுப்பது என்பதோடு எந்த மாதத்தில் எடுப்பது என்றும் கேட்டிருக்கலாம்.

மூன்றாவது, தண்ணீர் வரும் தேதி. புலவர் காலத்துக் குளத்தை மழை நிரப்பியது. வைகைப் பாசனக் கண்மாய்கள் பலவற்றை 1895க்குப் பிறகு பெரியாற்றுத் தண்ணீரும் நிரப்புகிறது. திறக்கும் தேதியை அணையின் மட்டமும் அரசாணையும் முடிவு செய்கின்றன. நாரை வானத்தைப் பார்த்து ஜோடி சேர்கிறது, கண்மாய் ஷட்டரைப் பார்த்து நிறைகிறது. இரண்டும் ஒத்துப்போகும் வருஷம் எங்கள் பக்கம் வயலெல்லாம் நாரை நிற்கும். ஒத்துப்போகாத வருஷம் வைகையில் தேங்கிய குட்டைகளில் பத்துப் பன்னிரண்டு நிற்கும், அவ்வளவுதான்.

காப்பாற்ற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1798இல் வேடந்தாங்கல் விவசாயிகள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் இருந்தது. அன்பு மட்டும் இல்லை. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் பக்கம் வேட்டங்குடி சரணாலயம், 1977இல் அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. கூந்தன்குளத்தில் நாரை வீட்டுக் கொல்லை வேம்பிலும் பூவரசிலும் கூடு கட்டுகிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்த பால்பாண்டியை அந்த ஊரைத் தாண்டியும் பலருக்குத் தெரியும். கூந்தன்குளமும் வேடந்தாங்கலும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. மதுரையை ஒட்டிய சாமநத்தம் கண்மாயைச் சரணாலயம் ஆக்கச் சொல்லி உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புலவர் நடுங்கிக் கிடந்த கூடலுக்கு மிகப் பக்கத்தில் நாரை இறங்கும் தண்ணீர்களில் அதுவும் ஒன்று. வலசைப் பெருமையை ஃபார்வர்டு பண்ணுகிறவர்கள் இந்தக் கோரிக்கையையும் ஒரு தடவை பண்ணலாம்.

பாட்டைச் சுற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. நாரையின் அலகுக்கு உவமை கிடைக்காமல் யோசித்துக்கொண்டிருந்த பாண்டியன், இரவில் தற்செயலாக இந்தப் பாட்டைக் கேட்டு, பனங்கிழங்கு உவமையில் மயங்கிப் புலவருக்குப் போர்வையும் பரிசும் கொடுத்தானாம். கதை நடந்ததோ இல்லையோ, பாட்டின் முதல் வாசகனாக அது காட்டும் ராஜா நம்மை மாதிரியே இருக்கிறான். அலகைப் பற்றிய வரிக்குத்தான் அவன் காது நின்றது. அதற்குப் பிறகு வரும் நனைந்த சுவரும், பல்லிச் சத்தத்துக்குக் காத்திருக்கும் பெண்ணும் அவன் பரிசுப் பட்டியலில் இல்லை.