பணயமும் மீட்பும்: விமானக் கடத்தல் முதல் வன்னிப் பெருநிலம் வரை

பணயம் என்னும் சொல்லைத் தமிழர் சூதாட்டக் களத்திலிருந்தே நன்கறிவர். தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், ஈற்றில் பாஞ்சாலியையும் வைத்தான். பணயமாக வைக்கப்படும் பொருளுக்கு ஆட்டத்தில் இடமுண்டு, குரலில்லை. பாரதக் கதையின் தனித்துவம், பணயப் பொருளே அவையில் எழுந்து வினவியதாகும். தன்னை முன்னரே தோற்றுவிட்ட ஒருவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்னும் அவ்வினாவுக்குப் பீட்டுமனாலும் தெளிவாக விடையிறுக்க முடியவில்லை. பத்திரிகைத் தமிழ் 'பணயக் கைதி' என்னும் தொடரை ஆக்கிக்கொண்டபோது அவ்வினாவும் அதனுடன் வந்துவிட்டது எனலாம். 2009ஆம் ஆண்டில் வன்னியில் நிகழ்ந்தவற்றைக் குறிக்க இத்தொடர் பெரிதும் பயன்படுத்தப்பட்டது. அப்பயன்பாடு எவ்வளவு பொருத்தமானது, அது எதனைக் காட்டி எதனை மறைத்தது என்பன ஆராயத்தக்கவை.

விமானக் கடத்தல் 1931இல் பெரு நாட்டில் தொடங்கியது என்பர். ஆயினும் அதனை ஓர் அரசியற் கருவியாக உலகம் கண்டது 1968 ஜூலையில், பலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியினர் இஸ்ரேலின் எல் அல் விமானமொன்றை அல்ஜியர்ஸுக்குத் திருப்பியபோதே. 1970 செப்டெம்பரில் அதே இயக்கத்தினர் மூன்று விமானங்களை ஜோர்தானின் பாலைவன ஓடுதளமொன்றில் இறக்கி, பயணிகளை அகற்றிய பின்னர் வெறும் விமானங்களைப் படப்பிடிப்புக் கருவிகளின் முன்னே தகர்த்தனர். பயங்கரவாதத்தை நாடகத்துக்கு ஒப்பிட்ட பிரையன் ஜென்கின்ஸின் கூற்று இப்பத்தாண்டிலேயே எழுந்தது. பலர் மாள்வதிலும் பலர் பார்ப்பதையே அக்காலத்துக் கடத்தற்காரர் விரும்பினர் என்பது அவர் கருத்து.

இந்த ஒப்புமையைச் சற்று விரித்து நோக்குதல் தகும். விமானம் என்பது கட்டுக்கோப்பான ஒரு மேடை. இடம் ஒன்று, காலக்கெடு ஒன்று, பாத்திரங்களின் பெயர்கள் பயணிகள் பட்டியலில் முன்னரே எழுதப்பட்டுள்ளன. கதவுக்கு வெளியே பேரம் பேசுவோரும் அதிரடிப்படையினரும் நிற்க, அவர்களுக்கு அப்பால் உலகம் முழுவதும் அவையோராக அமர்ந்திருக்கின்றது. 1976இல் உகண்டாவின் என்டபேயும், 1977இல் சோமாலியாவின் மொகடிசுவும், 1999இல் கந்தகாரும் இந்த அமைப்புக்குள்ளேயே அடங்குவன. முதலிரண்டும் படைநடவடிக்கையால் முடிந்தன; மூன்றாவது, இந்தியச் சிறைகளிலிருந்து மூவரை விடுவித்ததால் முடிந்தது. திரைக்கலைக்கு இவ்வமைப்பு மிக வாய்ப்பானது. ராதா மோகனின் 'பயணம்' (2011) முதலிய படங்கள் இதனாலேயே எளிதிற் சுவைபெறுகின்றன. கடத்தியவன் யார், கடத்தப்பட்டவன் யார், மீட்பவன் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் இத்தகைய கதையில் ஐயத்துக்கு இடமின்றி விடை கிடைத்துவிடுகின்றது.

இலங்கை இவ்வரலாற்றுக்கு வெளியே நின்றதில்லை. 1982 ஜூன் 30ஆம் திகதி சேபால ஏக்கநாயக்க என்பவர் இத்தாலிய விமானமொன்றைப் பாங்கொக்கில் தடுத்துவைத்து, தம் மனைவியையும் மகனையும் மூன்று இலட்சம் டொலரையும் பெற்றுக்கொண்டு நாடு திரும்பினார். அவரை வீரராக வரவேற்ற கூட்டம் சிறிதன்று. அவரைத் தண்டிப்பதற்கெனப் பாராளுமன்றம் முன்தேதியிட்டுச் செல்லுபடியாகும் சட்டமொன்றை இயற்ற நேர்ந்தது. 1984 மே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்கத் தம்பதியர் இருவரைத் தமிழ் இயக்கமொன்று கடத்திச் சென்று, சில நாட்களில் விடுவித்தது. 1995 ஓகஸ்டில் 'ஐரிஷ் மோனா' என்னும் பயணிகள் கப்பல் கடற்புலிகளாற் கைப்பற்றப்பட்டது. அதனைத் தேடி வந்த கடற்படைப் படகுகள் தாக்குதலுக்குள்ளாயின. பயணிகள் இங்கே பேரம் பேசுதற்குரிய பொருளாகவன்றித் தூண்டிலில் இடும் இரையாகவே கொள்ளப்பட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் வீழ்த்தப்பட்டபோது பேரம், கோரிக்கை என்னும் நாடகமே இல்லாதொழிந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர், பயணிகள் தமிழரே. கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவுக் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டது 2012இலேயாகும்.

இனி வன்னிக்கு வருவோம். 2009இன் முதல் ஐந்து மாதங்களிலும் இலங்கை அரசு தன் படைநடவடிக்கையை 'உலகின் மிகப்பெரிய பணயக் கைதிகள் மீட்பு' என வருணித்தது. இவ்வருணனையின் வலிமை அது முற்றிலும் பொய்யாக இல்லாதிருந்தமையே. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாது பணயமாக வைத்திருந்தனர் என்பதையும், படைகளுக்கும் தமக்குமிடையே மனித அரணாகப் பயன்படுத்தினர் என்பதையும், 2009 பெப்ரவரி முதல் தப்பிச்செல்ல முயன்றோரைச் சுட்டனர் என்பதையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாகப் பதிவு செய்கின்றது. இதனைக் கூறத் தயங்கும் தமிழ் எழுத்து பாஞ்சாலியின் வினாவைக் கேளாத அவையோரின் நிலையையே எய்தும். மக்கள் தம் விருப்பின்பேரிலேயே இயக்கத்துடன் நகர்ந்தனர் என்னும் வாதம் தொடக்கத்து இடப்பெயர்வுகளைப் பொறுத்தவரை ஓரளவு உண்மையே. படையினரைப் பற்றிய அச்சமும் தடுப்பு முகாமைப் பற்றிய அச்சமும் மெய்யானவை. ஆயின் விருப்பின்பேரில் நிற்பவனைத் தடுக்கத் துப்பாக்கி தேவையில்லை.

பணயத்தின் வேர் 2009க்கும் முற்பட்டது. 1990களில் புலிகளின் ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற விரும்பியவர் 'பாஸ்' பெறவேண்டியிருந்தது. போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு ஒருவர் பிணை நிற்கவேண்டியிருந்தது. அதே பத்தாண்டில் வன்னியிலிருந்து இராணுவக் கட்டுப்பாட்டிலிருந்த வவுனியாவுக்கு வந்து சேர்ந்தவருக்கும் 'பாஸ்' வழங்கப்பட்டது. நாள் பாஸ், வார பாஸ் என வகைபிரித்து வழங்கப்பட்ட அதற்கும் ஆள்பிணை கேட்கப்பட்டது. ஆக, ஒரே குடும்பம் கோட்டுக்கு வடக்கே ஒருவரையும் தெற்கே ஒருவரையும் பிணையாக வைத்தே நடமாடும் நிலை இருந்தது. விமானக் கடத்தலின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இத்தகைய பிணையைக் கருதுவதில்லை. இதிலே காலக்கெடுவில்லை, கோரிக்கையில்லை, செய்தியாளருமில்லை. ஆயினும் ஓர் ஆளின் உடலை இன்னோர் ஆளின் நடத்தைக்கு ஈடாக வைத்தல் என்னும் பணயத்தின் சாரம் இதிலே முழுமையாக உண்டு. வன்னி மக்கள் முள்ளிவாய்க்காலிலேதான் பணயமாயினர் என்பது இவ்வகையில் வரலாற்றைக் குறுக்குவதாகும்.

இனி 'மீட்பு' என்னும் மறுபாதி. மீட்கச் செல்பவன் முதலிற் செய்வது எண்ணுதல். என்டபேயில் எத்தனை பேர் என்பது தெரிந்திருந்தது, மொகடிசுவிலும் தெரிந்திருந்தது. வன்னியிலோ, 2009 பெப்ரவரியில் அரசு கூறிய தொகை ஏறத்தாழ 70,000. களத்தில் நின்று பணியாற்றிய மாவட்ட நிர்வாக அலுவலரின் கணிப்பு இதனிலும் பன்மடங்காக இருந்தது. நிபுணர் குழு சிக்குண்டோரை 3,30,000 அளவினராக மதிப்பிட்டது. போர் முடிந்தபின் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டோரே 2,80,000 பேருக்கு மேற்பட்டவர்கள். உணவும் மருந்தும் அனுப்பப்படுவது தொகைக்கேற்பவே ஆதலின், இந்த எண்ணிக்கையை வெறும் புள்ளிவிபரப் பிழையாகக் கொள்ளல் இயலாது. தான் மீட்கப்போகும் பணயக் கைதிகளுள் நான்கில் மூன்று பங்கினர் இல்லையென்று கூறும் மீட்பாளனை எந்தக் கடத்தற் கதையிலும் காணமுடியாது.

புறநானூற்றின் ஒன்பதாவது பாடல் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன்னர், ஆக்களும் பெண்டிரும் பிணியுடையோரும் பிறரும் தத்தம் அரண் சேர்க என அறிவிக்கும் அறநெறியை நெட்டிமையார் அதிலே போற்றுகின்றார். தமிழரின் போரறத்துக்குச் சான்றாக மேடைதோறும் எடுத்தாளப்படும் அப்பாடல், சென்று சேர்வதற்கு ஓர் அரண் உண்டு என்னும் அனுமானத்தின் மேலேயே நிற்கின்றது. 2009 ஜனவரி 20இல் சுதந்திரபுரம், உடையார்கட்டு, தேவிபுரம் ஆகியவற்றை உள்ளடக்கிப் 'பாதுகாப்பு வலயம்' அறிவிக்கப்பட்டது. பெப்ரவரி 12இல் புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையிலான கரையோர மணற்பட்டி இரண்டாவது வலயமாயிற்று. மே 8இல் அதுவும் குறுகி மூன்றாவதாயிற்று. அறிவிப்பு உண்டு, ஆனால் அறிவிக்கப்பட்ட அரணே எறிகணைக்கு இலக்காயிற்று. மூன்று வலயங்களிலும் பெருமளவில் எறிகணை வீசப்பட்டது என்பதும் மருத்துவமனைகள் தாக்கப்பட்டன என்பதும் அதே நிபுணர் குழுவின் முடிபுகள். இறந்தோர் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்கமுடியாது என அது கூறியது.

மீட்பே பலியெடுத்த நிகழ்ச்சிகள் கடத்தல் வரலாற்றிலும் உண்டு. 1985இல் மால்டாவில் எகிப்திய விமானத்தினுள் கொமாண்டோக்கள் நுழைந்தபோது மாண்டோர் மிகப் பலர். 2002இல் மொஸ்கோ நாடக அரங்கில் செலுத்தப்பட்ட வாயு, மீட்கப்படவேண்டியவர்களையே கொன்றது. 2004இல் பெஸ்லான் பாடசாலையில் 330 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பாதிக்கும் அதிகமானோர் சிறுவர். இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் மீட்பாளரை நோக்கி வினாக்கள் எழுந்தன. மொஸ்கோ, பெஸ்லான் வழக்குகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றன. அங்கெல்லாம் சாட்சியாகக் கூடிய ஓர் அவை வெளியே நின்றமையே காரணம். வன்னியில் அவை முன்னரே கலைக்கப்பட்டிருந்தது. 2008 செப்டெம்பரில் அரசின் அறிவித்தலையடுத்து ஐ.நா. அலுவலர் கிளிநொச்சியை விட்டு நீங்கினர். மக்கள் வாயிலில் நின்று போகவேண்டாமென மன்றாடினர். சுதந்திரமான செய்தியாளர் களத்துக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. ஜென்கின்ஸின் நாடக ஒப்புமை இவ்விடத்தில் அடியோடு முறிந்துவிடுகின்றது. பார்வையாளர் இல்லாத அரங்கில் பணயக் கைதிக்கு விலை ஏது? உலகம் தலையிடும் என நம்பி மக்களை வைத்திருந்தவர்கள் இதனைக் கணிக்கத் தவறினர். உலகம் பாராது என்பதை மறுதரப்பினர் சரியாகவே கணித்தனர்.

மீட்கப்பட்டவர் வீடு செல்வது வழக்கம். மெனிக் பாமில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டோருக்கு வெளியே நடமாடும் அனுமதி 2009 டிசம்பரிலேயே கிடைத்தது. முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். விடுவிக்கப்பட்ட பணயக் கைதிகளைச் சிறைவைத்தல் என்னும் முரணுக்குப் பெயரிட அகராதியிற் சொல் இல்லை.

இலக்கியம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது? தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) இடம்பெயர்ந்து செல்லும் ஒரு குடும்பத்தின் சமையலையும் பங்கரையும் நோயையும் பின்தொடர்வதால், கடத்தல் நாவலுக்குரிய விறுவிறுப்பை இழந்து அதனினும் பெரிதான ஒன்றைப் பெறுகின்றது. அங்கே வில்லனும் மீட்பனும் முதன்மை பெறுவதில்லை; அடுத்த வேளை உலை முதன்மை பெறுகின்றது. தமிழினியின் தன்வரலாறான 'ஒரு கூர்வாளின் நிழலில்' (2016) இயக்கத்தினுள்ளேயிருந்து எழுந்த சுயவிமரிசனமென்ற வகையில் முக்கியமானது. அதனை எதிர்கொண்ட தமிழ் வாசகருட் பலர், சொல்லப்பட்டதை ஆராயாது சொன்னவரின் உள்நோக்கத்தையே ஆராய முற்பட்டமை நமது விமரிசன மரபின் வறுமையைக் காட்டுகின்றது.

விமானத்துக்குப் பயணிகள் பட்டியல் உண்டு. 2009 மே 18ஐ அண்டிய நாட்களில் வட்டுவாகற் பாலத்தைக் கடந்து படையினரிடம் தம் பிள்ளைகளையும் கணவன்மாரையும் ஒப்படைத்தோர் கேட்பதும் ஒரு பட்டியலையே. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அவர்கள் போராட்டத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு ஜூனில் யாழ்ப்பாணத்தில் அவர்களைச் சந்தித்த சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, சரணடைந்தோர் பட்டியலை வெளியிடச் செய்வதாக வாக்களித்தார். அவரது பதவிக்காலம் 2019 நவம்பரில் முடிந்தது. பட்டியல் வெளியிடப்படவில்லை.