டிவிக்குக் கீழே ஆறு வாட் போதும்

சினிமா பார்க்கவே வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் வைக்க நினைப்பவரை முதலில் கவிழ்ப்பது இன்டெல் சிப்களின் ‘ஐ5’ என்ற பெயர். ஆபீஸ்களில் கழித்துவிட்ட பெட்டிகள் செகண்ட் ஹேண்ட் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கின்றன. பலவற்றின் உள்ளே இருப்பது 2011-இல் வந்த ஐ5-2400. நாலு கோர், 95 வாட், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் எச்டிஎம்ஐ வழியே 4கே வெளியே வராது. எச்இவிசி என்ற வீடியோ வடிவத்தில் இருக்கும் ஃபைலை விரிக்கும் வன்பொருளும் அதில் இல்லை.

படம் ஓட்டுவது கோர்களின் வேலையே அல்ல. கிராஃபிக்ஸ் பகுதிக்குள் டிகோடர் என்று தனியாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எந்தெந்த வடிவம் தெரியும் என்று பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது. இன்டெலில் 10-பிட் எச்இவிசி முழுதாக வந்தது ஏழாம் தலைமுறையில், ஏவி1 என்ற இன்னொரு வடிவம் பதினொன்றாம் தலைமுறையில். இதிலும் ஒரு சறுக்கல் உண்டு: 2021-இல் பதினொன்றாம் தலைமுறை ஐ5களோடு கூடவே வந்த ஐ3-10105க்கு ஏவி1 தெரியாது.

கொச்சி தோப்பும்படியில் எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே இப்போது இருப்பது இன்டெலின் என்100 போட்ட ஒரு மினி பிசி. 2023-இல் வந்த சிப். நாலு சின்ன கோர், சிப்புக்கு மட்டுமான வாட் கணக்கு (டிடிபி) 6. எச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றையும் வன்பொருளிலேயே விரிக்கிறது. 4கே படம் ஓடும்போது பிளக்கில் செருகிய மீட்டர் பெட்டி முழுவதற்கும் சேர்த்து 12 வாட் பக்கம் காட்டியது. நாள் முழுக்க அப்படியே ஓடினாலும் கேரள மின்வாரியத்தின் (கேஎஸ்இபி) இரண்டு மாத பில்லில் 17, 18 யூனிட்தான் ஏறும். வசனம் இல்லாத இடத்தில் ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தேன். ஹாலில் தொங்கும் ஊஞ்சலில் உட்கார்ந்தால் கேட்கவில்லை.

மீன்பிடித் துறைமுகத்துக் காற்று படும் ஊரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் அணைத்து வைத்த எந்தப் பெட்டிக்குள்ளும் ஈரமும் உப்பும் சேர்ந்து கனெக்டர்களை அரிக்கும். எப்போதும் ஓடி, இளஞ்சூடாகவே இருக்கும் பெட்டி அதைவிடத் தாக்குப்பிடிக்கும். 95 வாட் சிப்பை யார் இரவும் பகலும் ஓடவிடுவார்கள்?

வாங்கியதும், படம் ஓட்டும் மென்பொருளான ‘கோடி’யில் (Kodi) ஒரு செட்டிங்கை மாற்றுங்கள். சினிமா பெரும்பாலும் நொடிக்கு 23.976 ஃபிரேம்; டிவிக்குப் போகும் சிக்னலோ 60 ஹெர்ட்ஸ். இரண்டும் சரியாக வகுபடாததால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் வெட்டி வெட்டிப் போகும். படத்துக்கேற்ப டிவியின் ரிஃப்ரெஷ் ரேட் மாறட்டும் என்று வைத்தால் சரியாகிவிடும். ஐ5-2400 வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் இதற்கே வழியில்லை. அது 23.976க்குப் பதில் முழு 24-ஐ அனுப்பும். நாற்பது நொடிக்கு ஒருமுறை படம் ஒரு துள்ளல் துள்ளும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு படம் முழுக்க அதற்காகவே காத்திருப்போம்.

ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜியைப் பலர் சொல்வார்கள். கேம் ஆடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சரி. படத்துக்கு மட்டும் என்றால் 65 வாட் வீண், ஏவி1 டிகோடரும் இல்லை. கேமும் வேண்டும் ஏவி1-உம் வேண்டும் என்றால் 2024-இல் வந்த 8600ஜி. ஐ3-12100 நல்ல சிப்தான், ஆனால் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. ராஸ்ப்பெரி பை 5 எச்இவிசியோடு நின்றுவிடுகிறது.

என்100-இல் மனக்குறை இல்லாமல் இல்லை. அல்ட்ரா எச்டி புளூ-ரே தட்டுகளை முறைப்படி ஓட்டும் மென்பொருளுக்கு எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் அதை வீட்டு கம்ப்யூட்டர் சிப்களில் பதினொன்றாம் தலைமுறையோடு எடுத்துவிட்டது. தட்டு சேர்ப்பவர்கள் தனி பிளேயர் வாங்குவதே மேல். கோடிக்காகவே இருக்கும் லிப்ரெஎலெக் என்ற லினக்ஸைப் போட்டால் ‘கோடி’ மின்னலாகத் திறக்கிறது, ஆனால் நெட்ஃபிளிக்ஸ் 4கேயில் வேண்டும் என்றால் விண்டோஸ்தான்.

டிவி ரிமோட்டும் இந்தப் பெட்டியோடு பேசாது, பெரும்பாலான பிசிக்களில் அதற்கான சிஇசி வசதி இல்லை. டச்பேட் வைத்த சின்ன வயர்லெஸ் கீபோர்டு ஒன்றையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.