கூட்டுவது யார்?

ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைக்குப் போனால் இன்ஹேலரோடு ஒரு துண்டுப் பிரசுரமும் தருகிறார்கள். வீட்டில் தூசி சேரவிடாதீர்கள். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். ஒட்டடை அடியுங்கள். சுவரில் படரும் பூஞ்சையைச் சுத்தம் செய்யுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையைத் தவிருங்கள்.

மருத்துவமாக இதில் பிழையில்லை. கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளின் கழிவுதான் பலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்புகிறது. 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் அவை சாகும். என் குறை இலக்கணம் பற்றியது. எல்லா வாக்கியங்களும் ஏவலில் முடிகின்றன. எழுவாய் எங்குமே இல்லை. அந்தக் காலி இடத்தில் யார் நிற்பார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஒட்டடைக் கம்பைத் தூக்குவதும், விரிப்பை உதறுவதும், பிளீச்சிங் பவுடர் போட்டுக் குளியலறையைத் தேய்ப்பதும் நோயாளியான நான்தான். தூசியை அகற்றும் வேலையே அதை நெஞ்சு நிறைய இழுக்கும் வேலையாகிவிடுகிறது.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 6,000க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வீட்டிலோ வேலையாகவோ சுத்தம் செய்துவந்த பெண்களின் நுரையீரல் திறன், செய்யாத பெண்களுடையதைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை.

பிரசுரம் வீட்டை நோயின் இடமாகப் பார்க்கிறது, பணியிடமாகப் பார்ப்பதில்லை. பஞ்சாலைத் தொழிலாளிக்கு மூச்சிரைத்தால், பஞ்சுத் தூசியை நீங்களே கூட்டித் தள்ளுங்கள் என்று எந்த மருத்துவராவது எழுதித் தருவாரா? வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்வார். வீட்டில் அந்த மாற்றத்தை யாரிடம் கேட்பது? வேலைக்கு ஆள் வைப்பதும் பதிலல்ல. அந்தத் தூசி இன்னொரு பெண்ணின் நெஞ்சுக்குப் போகும்.

பிரசுரத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: கூட்டும் நேரத்தில் நோயாளி வெளியே இருக்கட்டும். வீட்டிலுள்ள மற்றவர்கள் முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடைக்கட்டும். ஸ்பிரே வேண்டாம். பிளீச்சையும் ஆசிடையும் ஒருபோதும் கலக்க வேண்டாம்.

அதற்கு முன் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: உங்கள் வீட்டில் கூட்டுவது யார்? பதிலைக் கேட்டுவிட்டு அந்தத் தாளை, எனக்குத் துணையாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் கையில் கொடுக்கட்டும்.